மதிப்பும் மதிப்பீடும்

தமிழில் ஊதியத்துக்கு மூன்று அடைமொழிகள் புழங்குகின்றன: காலமுறை ஊதியம், தொகுப்பூதியம், மதிப்பூதியம். முதலாவது ஆண்டுதோறும் வளரும். இரண்டாவது ஒரே தொகையாக நிற்கும். மூன்றாவது, செய்கிற வேலைக்கு வேலை என்ற பெயரைத் தராமல் கையில் ஒரு தொகையை மட்டும் தரும். அரசாணைகளில் பழகிய இச்சொற்கள் தொண்டு நிறுவனங்களுக்குள் வந்தபோது தம் மேல்கீழையும் சேர்த்தே கொண்டுவந்தன. பெண்ணுரிமை பேசும் நிறுவனமும் இதற்கு விலக்கில்லை. அங்கும் இயக்குநரும் கணக்கரும் முதல் இரண்டு சொற்களுக்குள் அடங்குவார்கள். ஊருக்குள் வீடு வீடாகப் போகும் களப்பணியாளர் பெரும்பாலும் மூன்றாவதில் நிற்பார். இந்த வரிசை சரிதானா, சரிபார்க்க முறை ஏதும் உண்டா, அந்த முறை நம்பத்தக்கதா என்பவை இங்கே எடைபோடப்படும் கேள்விகள்.

பூரணாங்குப்பத்தில் நின்று இவற்றைக் கேட்கக் காரணம் உண்டு. கடலூர் சாலையில் தவளக்குப்பம் வந்து உள்ளே திரும்பும் இவ்வூருக்கும் புதுச்சேரி நகரத்துக்கும் இடையே ஒரு பேருந்துப் பயணம்தான். ஒரு முனையில் அலுவலகமும் அறிக்கையும் ஆங்கிலமும். மறுமுனையில் அந்த அறிக்கைக்குள் எண்ணாகப் போகும் பெண்கள். இரு முனையையும் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய இடத்தில், தொலைவைக் காட்டி ஊதிய வேறுபாட்டை விளக்க முடியாது. தவிர, வேலைக்கு அளவு கட்டிய வரலாறும் இந்த மண்ணுக்கு உண்டு. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆலைக்குச் சங்கு இருந்தது. வேலை எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பது ஊருக்கே கேட்டது. இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் அழுகைக் குரல் கேட்டு எழுந்து ஓடும் பெண்ணுக்குச் சங்கு இல்லை. அளவு கண்ணுக்குத் தெரியாத வேலையில் நியாயத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஊதிய முறை எதுவானாலும் அதை நான்கு அளவுகோல்களில் நிறுத்திப் பார்க்கலாம். வேலையை முழுமையாக விவரிக்கிறதா? அளக்கும் கோல் யார் பக்கமும் சாயாமல் இருக்கிறதா? நிறுவனம் வெளியே பேசும் கொள்கையோடு உள்ளே ஒத்திசைகிறதா? முடிவு தாளோடு நில்லாமல் சம்பளத்தில் வந்து சேர்கிறதா? முழுமை, நடுநிலை, ஒத்திசைவு, விளைவு என்று இவற்றைச் சுருக்கிக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் ஒரே தொகை

அளப்பதே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே தொகை என்பது முதல் விடை. ராஜஸ்தானில் 1990-இல் அமைந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் இதன் தூய வடிவம். அருணா ராய் உள்ளிட்ட அதன் முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலிக்கு இணையான தொகையைப் பெற்று வாழ்ந்தார்கள். ஒத்திசைவு என்ற அளவுகோலில் இதை மிஞ்ச ஆளில்லை. குறைந்தபட்சக் கூலிக்காகப் போராடிய அமைப்பு, அந்தக் கூலியில் எப்படி வாழ முடியும் என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்தது. அந்த நேர்மைதான் தகவல் உரிமைப் போராட்டத்தில் அதன் குரலுக்கு எடை சேர்த்தது.

ஆனால் ஒரே தொகை ஒரே வாழ்க்கையைத் தருவதில்லை. நகரத்துக் கல்வியும், திரும்பிப் போக ஒரு வாசலும் உள்ளவருக்கு அந்தத் தொகை விரும்பி ஏற்ற எளிமை. கூரை வீடும் இரண்டு பிள்ளைகளும் உள்ள கைம்பெண்ணுக்கு அதே தொகை வேறு வழியில்லாத வறுமை. இன்னொரு குறை முறை சார்ந்தது: எல்லா வேலையும் சமம் என்று அறிவித்தபின் எந்த வேலையையும் விவரிக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. இயக்கத்துக்கு இது பொருந்தும். அங்கே வேலையைப் போராட்டமே விவரித்துவிடுகிறது. வழக்கறிஞர், ஆலோசகர், கணக்கர், காப்பக இரவுக் காவலர் என்று பணிகள் பிரிந்த நிறுவனத்துக்கு இது போதாது. ஒத்திசைவில் முதலிடம், முழுமையில் கடைசி இடம்.

சந்தையும் நிதியும் சொன்ன தொகை

இரண்டாவது விடை நடைமுறையில் மிகப் பரவலானது. கணக்கருக்கு வெளியே என்ன கிடைக்குமோ அதை ஒட்டித் தருவது. களப்பணியாளருக்கு ஊரில் வேறென்ன வேலை இருக்கிறதோ அதை ஒட்டித் தருவது. இதன் நிறையை மறைக்கக் கூடாது. பணியிடம் நிரம்புகிறது, கணக்கு முடங்குவதில்லை, நிறுவனம் உயிரோடு இருக்கிறது. கொள்கைத் தூய்மைக்காகக் கணக்கர் இல்லாமல் நின்ற நிறுவனம் எந்தப் பெண்ணுக்கும் உதவியதில்லை.

குறையோ அடிப்படையானது. கிராமத்துப் பெண்ணின் உழைப்புக்குச் சந்தை வைத்திருக்கும் விலை, பெண்ணுரிமை நிறுவனம் எதை எதிர்த்துப் பிறந்ததோ அதன் விலை. வீட்டுப் பொறுப்பால் அவரால் நகரத்துக்குப் போய் வேலை தேட முடியவில்லை. படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். சாதி சில கதவுகளை முன்பே சாத்திவிட்டது. இவ்வளவும் சேர்ந்து அவர் விலையைக் குறைத்தன. அந்தக் குறைந்த விலையையே ஊதியமாக நிர்ணயிக்கும் நிறுவனம், பகலில் கண்டிப்பதை மாதக் கடைசியில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொள்கிறது.

நிதி விதிகள் இந்தச் சாய்வை இன்னும் இறுக்குகின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைத்தது. பெற்ற நன்கொடையை வேறு அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடுத்தது. மேல்தட்டு வீங்காமல் தடுப்பது முதல் பாதியின் நியாயமான பயன். பெரிய நிறுவனம் வழியாக நிதி பெற்றுவந்த சிறிய ஊரகக் குழுக்களுக்கு இரண்டாம் பாதி விழுந்த அடி. ஊதியத்தைப் பொறுத்தவரை விளைவு இதுதான்: ஒரு பணியின் மதிப்பை அந்தப் பணியின் தன்மை தீர்மானிப்பதில்லை, செலவுத் தலைப்பு தீர்மானிக்கிறது. ஆசிரியரின் சம்பளமும் மருத்துவரின் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது என்று விதி எடுத்துக்காட்டோடு சொல்கிறது. அடிபட்ட பெண்ணோடு மாதக்கணக்கில் நீதிமன்றம் போய்வருபவருக்கு அந்த எடுத்துக்காட்டில் பெயர் இல்லை. அவரை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது தணிக்கையாளரோடு பேசித் தீரும் விஷயமாகிவிட்டது. தலைப்பு என்பது கணக்கு வசதி. அதை மதிப்பு என்று எடுத்துக்கொள்வது பிழை.

புள்ளி முறையின் சோதனை

மூன்றாவது விடை பணி மதிப்பீடு. ஆளை விட்டு வேலையை எடுத்து, காரணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எடை வைத்து, நிலை குறித்து, புள்ளி கூட்டுவது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2008-இல் வெளியிட்ட பாலின நடுநிலை வழிகாட்டி, திறன், முயற்சி, பொறுப்பு, பணிச்சூழல் என்று நான்கு பெருங்காரணிகளை வைத்தது. முறை நல்லதா என்று அருவமாகப் பேசுவதைவிட ஓட்டிப் பார்ப்பது மேல். கீழே வரும் எண்கள் சோதனைக்காக நான் வைத்தவை. வாசகர் தம் எண்களை இட்டுச் சரிபார்க்கலாம்.

இரண்டு பணிகள். ஒன்று, நகர அலுவலகக் கணக்கர்: வணிகவியல் பட்டம், டேலி, தணிக்கை, நன்கொடைக் கணக்கு. மற்றொன்று, பூரணாங்குப்பம் போன்ற ஊரின் களப்பணியாளர்: பன்னிரண்டாம் வகுப்பு, சுயஉதவிக் குழுக் கூட்டம், மகளிர் காவல் நிலையம், மருத்துவமனை, வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றம். ஒவ்வொரு காரணிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நிலை, நிலையை எடையால் பெருக்கினால் புள்ளி, மொத்தம் 500.

முதல் கோல், அலுவலகங்களில் பழகியது. படிப்புக்கு 40, பணத்துக்கும் ஆட்களை மேற்பார்ப்பதற்குமான பொறுப்புக்கு 35, சிந்தனை உழைப்புக்கு 20, பணிச்சூழலுக்கு 5. கணக்கருக்கு இவ்வரிசையில் 4, 4, 3, 1 என்ற நிலைகள்; களப்பணியாளருக்கு 2, 2, 3, 4. கூட்டினால் கணக்கர் 365, களப்பணியாளர் 230.

இரண்டாம் கோல், பெருங்காரணிகளைப் பிரித்து எழுதியது. படிப்பு 15, அனுபவத்தில் கற்ற திறன் 15, பணப் பொறுப்பு 12, மனிதரின் பாதுகாப்புக்கும் இரகசியத்துக்குமான பொறுப்பு 18, கவன உழைப்பு 10, மன அழுத்தம் தாங்கும் உழைப்பு 10, உடல் உழைப்பு 5, நேரமும் அலைச்சலும் மிரட்டலும் அடங்கிய சூழல் 15. கணக்கருக்கு 4, 2, 4, 2, 4, 1, 1, 1. களப்பணியாளருக்கு 2, 5, 2, 5, 3, 5, 3, 4. கூட்டினால் கணக்கர் 244, களப்பணியாளர் 374. வேலைகள் மாறவில்லை, செய்பவர்கள் மாறவில்லை; வரிசை தலைகீழாகிவிட்டது.

களப்பணியாளரின் பக்கம் நிற்பவர்கள் இந்த இடத்தில் வெற்றி என்று எழுந்துவிடக் கூடாது. இரண்டாம் கோலும் குறையற்றதன்று. கணக்கரின் ஒரு தவறான பதிவு நிறுவனத்தின் நன்கொடைப் பதிவையே இரத்தாக்கக்கூடும். அவருடைய பணப் பொறுப்புக்கு 12 போதாது, நான்காம் நிலையும் போதாது. இரு பொறுப்புக்கும் தலா 15 வைத்து, கணக்கருக்குப் பணப் பொறுப்பில் ஐந்தாம் நிலை தந்தால் அவர் 265, களப்பணியாளர் 365. இடைவெளி 130-இலிருந்து 100 ஆகிறது. இன்னொரு குறையும் உண்டு. மன அழுத்தம், மனிதர் பாதுகாப்பு ஆகிய இரண்டும் ஒரே துயரத்தை இருமுறை எண்ணுகின்றன என்று ஒருவர் வாதிடலாம். முதல் கோலில் படிப்பும் சிந்தனையும் ஒன்றையே இருமுறை எண்ணியதைப் போல. மன அழுத்தத்தை நீக்கி அதன் 10 எடையைக் கவன உழைப்புக்கே கொடுத்தால் கணக்கர் 295, களப்பணியாளர் 345. இடைவெளி 50. வரிசை இன்னும் நிற்கிறது.

இப்போது நிலைகளை அசைத்துப் பார்க்கலாம். அனுபவத் திறனிலும் பாதுகாப்புப் பொறுப்பிலும் களப்பணியாளருக்கு ஐந்துக்குப் பதில் மூன்று என்று யாரோ எழுதினால் அவர் 285-க்கு இறங்குகிறார். கணக்கர் 295-இல் மேலே நிற்கிறார். எடைகளை அசைத்தபோது தாங்கிய வரிசை, நிலையை அசைத்ததும் புரள்கிறது.

இச்சோதனை மூன்று செய்திகளைத் தருகிறது. புள்ளி முறை உண்மையைக் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே எடுத்த முடிவுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. அதுவே அதன் பெரிய தகுதி. சந்தை விலையோடு வாதிட முடியாது, எழுதிய எடையோடு வாதிடலாம். இரண்டாவது, பெரும் அநீதி எடையில் நிகழ்வதைவிட, பட்டியலில் இடமே பெறாத காரணியில் நிகழ்கிறது. முதல் கோலில் அனுபவத் திறன் குறைத்து மதிப்பிடப்படவில்லை, கேட்கப்படவே இல்லை. மூன்றாவது, ஐந்தா மூன்றா என்று எழுதுகிறவர் அந்த வேலையை எந்த அளவுக்கு அறிந்தவர் என்பதில் முழு முறையும் தொங்குகிறது. ஆகவே மதிப்பீட்டின் தரம், அதற்கு முந்தைய விவரிப்பின் தரத்தைத் தாண்ட முடியாது.

விவரித்தவர்கள்

அந்த விவரிப்பு எங்கே இருக்கிறது? நிறுவனங்களின் பணி விவரத் தாள்களில் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் சீதாப்பூர் மாவட்டத்தில் ஊரக ஊழியர்களாக இருந்த பெண்கள் தம் நாட்குறிப்புகளிலிருந்து எழுதிய நூலில் இருக்கிறது. ஆய்வாளர் ரிச்சா நகரும் சேர்ந்து ஒன்பது பெண்கள் உருவாக்கிய 'சங்க்தின் யாத்ரா' 2004-இல் இந்தியில் வந்தது. 2006-இல் ஆங்கில வடிவம் கண்டது. பெண்களை வலுப்படுத்தும் நிறுவனத்துக்குள்ளேயே களத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே சாதி, படிப்பு, மொழி ஆகியவை எழுப்பிய சுவரை அந்நூல் பெயர் சொல்லிப் பேசியது. யாருடைய உழைப்பு அறிக்கையாகிறது, யாருடைய பெயர் அறிக்கையில் நிற்கிறது என்று கேட்டது.

ஆவணமாக அதன் சாதனை பெரிது. அனுபவத் திறன் என்று மேலே நான் ஒரு சொல்லில் அடைத்ததை அது நூல் முழுக்க விரித்துக் காட்டுகிறது. முறையாக அதன் எல்லையும் தெளிவு. அது குற்றம் காட்டுகிறது, கோல் தரவில்லை. இன்ன பணிக்கு இன்ன ஊதியம் என்று சொல்லும் இடத்துக்கு அது வரவில்லை. அதை அந்நூலின் குறையாகச் சொல்வது நியாயமாகாது. அது எடுத்துக்கொண்ட வேலை வேறு. ஆனால் இருபதாண்டுகளுக்குப் பிறகும் மதிப்பீட்டாளர்கள் அதை இலக்கியமாக வாசித்துவிட்டுப் பழைய கோலையே எடுக்கிறார்கள் என்றால், அது துறையின் குறை.

பெயரையும் கவனிக்க வேண்டும். சங்க்தின் என்றால் தோழி. ராஜஸ்தான் அரசு 1984-இல் தொடங்கிய பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தின் ஊர்ப் பணியாளருக்கு இட்ட பெயர் சாத்தின். அதற்கும் பொருள் தோழி. நம் ஊர்களில் அவர் அக்கா. அன்பான பெயர்கள்தாம். ஆனால் இவை உறவைச் சொல்கின்றன, வேலையைச் சொல்வதில்லை. தோழிக்குச் சம்பளம் கேட்பது கூச்சம். அக்காவுக்கு வேலை நேரம் கேட்பது அபசாரம். பணி மதிப்பீட்டின் முதல் படி பணிப்பெயர் என்பதை இத்துறை அறியும். உறவுப் பெயரை மக்கள் அழைக்கட்டும். நிறுவனத்தின் பதிவேட்டில் வேலையின் பெயர் இருக்க வேண்டும்.

சொல்லும் சட்டமும்

பட்டேரி கிராமத்து சாத்தின் பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் தன் பணியைச் செய்ததற்காக 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதிலிருந்து எழுந்த விசாகா தீர்ப்பு 1997-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளை வகுத்தது. அந்நெறிமுறைகள் சம்பளம் பெறுபவர், மதிப்பூதியம் பெறுபவர், தொண்டராக உழைப்பவர் என்ற வேறுபாட்டைக் கடந்து எல்லோரையும் காத்தன. 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தொண்டரைப் பணியாளர் என்ற வரையறைக்குள் வைத்தது. ஊறு நேரும்போது மதிப்பூதியம் பெறுபவரும் பணியாளர் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. ஊதியம் நிர்ணயிக்கும்போது அவர் யார் என்ற கேள்வி பல ஆண்டுகள் காத்திருந்தது. 2022 ஏப்ரலில், குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த மணிபென் மகன்பாய் பாரியா வழக்கில், பணிக்கொடைச் சட்டத்தின் நோக்கில் மதிப்பூதியமும் ஊதியமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மதிப்பூதியம் என்ற சொல்லின் திரை அங்கே ஓரிடத்தில் கிழிந்தது.

சம ஊதியச் சட்டம் இந்த நிறுவனங்களுக்கு எவ்வளவு உதவும்? 1987-இல் மெக்கினன் மெக்கன்சி வழக்கில், ஆட்ரி டி'கோஸ்டா என்ற சுருக்கெழுத்தாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வேலையின் ஒப்புமையைப் பரந்த பார்வையில் காண வேண்டும் என்றது. தர இயலாத நிதிநிலை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. நிதி இல்லை என்பதை எல்லாக் கேள்விக்கும் விடையாக வைத்திருக்கும் நிறுவனங்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. ஆனால் சட்டத்தின் அளவுகோல் ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை. 1976 சட்டம் திறன், முயற்சி, பொறுப்பு என்று சொன்னதோடு 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு அனுபவத்தையும் சேர்த்தது. ஏறத்தாழப் பன்னாட்டு வழிகாட்டியின் அதே காரணிகள்தாம், பயன் வேறு. வேலைகள் ஒன்றா என்று பார்க்கச் சட்டம் அவற்றைப் பயன்படுத்துகிறது. வெவ்வேறான வேலைகள் மதிப்பில் சமமா என்று பார்க்க வழிகாட்டி பயன்படுத்துகிறது. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையை 1958-இலேயே ஏற்ற நாட்டில் இந்த இடைவெளி இன்னும் மூடப்படவில்லை.

பெண்ணுரிமை நிறுவனத்தில் இது கூர்மையாகத் தைக்கிறது. அங்கே கணக்கரும் பெண், களப்பணியாளரும் பெண். ஒப்பிட ஆண் இல்லாதபோது பாலின வேறுபாட்டைத் தடுக்கும் சட்டம் வாயடைத்து நிற்கும். அநீதி சாதியின் வழியாக, பள்ளிப்படிப்பின் வழியாக, ஆங்கிலத்தின் வழியாக நடக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கின்றன. குறித்த கால ஒப்பந்தப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடைத் தகுதி உண்டு. மூன்றாண்டுத் திட்டங்களில் உழல்பவர்களுக்கு இது உண்மையான ஆதாயம். மறுபுறம், 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கு பரந்து விரித்த தொழில் என்ற வரையறையிலிருந்து, அறப்பணி, சமூகப்பணி அமைப்புகளின் நிறுவனங்களைத் தொழில் உறவுகள் தொகுப்பு விலக்கிவிட்டது. நியாயம் வெளியிலிருந்து வரும் என்று காத்திருக்க இத்துறையின் பணியாளருக்கு இடம் குறைந்துவிட்டது. நிறுவனம் தானே முன்வந்து செய்யும் மதிப்பீட்டின் பொறுப்பு அதனாலேயே கூடுகிறது.

கோல் சரி, படிகள் தவறு

முறையை ஏற்றவர்களும் விளைவில் தோற்றிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சியில் துப்புரவு, சமையல், பராமரிப்புப் பணிகளில் இருந்த பெண்கள், தம் பணிக்கு இணையாக மதிப்பிடப்பட்ட குப்பை அள்ளும் பணி, சாலைப்பணி ஆகியவற்றின் ஆண்களுக்கு மட்டும் ஊக்கத்தொகை சென்றதை எதிர்த்து வழக்காடினார்கள். 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடும் உரிமையை வென்றார்கள். 2023 செப்டம்பரில் அம்மாநகராட்சி தன் நிதி முடக்கத்தை அறிவித்தபோது சம ஊதியக் கடன்பாடு முதன்மைக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. மதிப்பீடு இரு பணிகளையும் ஒரே படியில்தான் வைத்திருந்தது. படிக்கு வெளியே கொடுத்த தொகை அந்தச் சமத்தைத் தின்றுவிட்டது.

நம் நிறுவனங்களில் ஊக்கத்தொகை இல்லை. பயணப்படி, கைபேசிப்படி, ஆலோசனைக் கட்டணம், பயிற்சியாளர் மதிப்பூதியம் உண்டு. இவற்றில் நகரத்துக்குச் செல்வது எவ்வளவு, ஊருக்குச் செல்வது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்காத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான். களப்பணியாளருக்குப் பேருந்துச் சீட்டைக் கேட்டுவிட்டு மற்றவருக்குச் சீட்டில்லாமல் தொகை தரும் நிறுவனத்தில், ஊதியப் பட்டியல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது முன்பக்க அலங்காரம் மட்டுமே.

எதிர்வாதங்கள் இரண்டு

வலுவான எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. தொண்டைப் புள்ளியால் அளந்தால் அதன் உயிர் போய்விடும் என்பது ஒன்று. இதில் ஓர் உண்மை இருக்கிறது. இரவு ஓடிப் போகிறவர் புள்ளிக்காக ஓடுவதில்லை. எந்தக் கோலும் அதை அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. ஆனால் பணி மதிப்பீடு ஆளை அளப்பதில்லை, பணியை அளக்கிறது. அன்பு அவருடையது. அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நிறுவனத்துடையது. எதிர்பார்ப்புக்கு விலை உண்டு. தொண்டு என்ற சொல்லை மேலே இருப்பவர் தம்மைக் குறித்துச் சொன்னால் அது ஈகை. கீழே இருப்பவரைக் குறித்துச் சொன்னால் அது கூலிக் குறைப்பு.

களப்பணியாளர் கணக்கரைவிட உயர்ந்தால் கணக்கர் வெளியேறுவார் என்பது மற்றொன்று. இது கற்பனை அச்சமன்று. இதற்கு விடை கோலைத் திருத்துவதில் இல்லை. கணக்கருக்குச் சந்தை ஈட்டுத்தொகை என்று தனி வரி எழுதி, காரணம் குறித்து, இரண்டாண்டு முடிவில் மறுபரிசீலனை என்று நாள் போட்டு எல்லோருக்கும் தெரியத் தரலாம். சமரசம் தேவைப்படும் இடம் உண்டு; அதை மதிப்பு என்று பெயர் மாற்றி ஒளிக்காமல் சமரசம் என்றே எழுதிவைப்பதில் நேர்மை இருக்கிறது.

தீர்ப்பு

மூன்று விடைகளையும் நான்கு அளவுகோல்களில் நிறுத்தினால் என் முடிவு இது. ஒரே தொகை ஒத்திசைவில் உயர்ந்தது, முழுமையில் தோற்றது. சந்தை விலை நடைமுறையில் வென்றது, ஒத்திசைவில் தோற்றது. பெண்ணுரிமை நிறுவனத்தில் அந்தத் தோல்வி மன்னிக்கத்தக்கதன்று. பணி மதிப்பீடு நான்கிலும் வெல்லக்கூடிய ஒரே முறை. ஆனால் தன்னளவில் எதிலும் வென்றதாக உறுதி தராத முறையும் அதுவே. நம் அலுவலகங்களுக்கு வந்துசேர்ந்த கோலோடு அதை ஏற்பதைவிட ஏற்காமல் இருப்பதே மேல். பழைய அநீதிக்கு அது புள்ளிக்கணக்கின் மரியாதையைச் சேர்த்துக் கொடுத்துவிடும்.

எனவே நிபந்தனையோடு ஏற்கிறேன். பணி விவரத்தை வேலை செய்பவர் தம் சொல்லில் சொல்ல, அது தமிழில் எழுதப்பட வேண்டும். நிலை குறிக்கும் குழுவில் களத்திலிருந்து பாதிப் பேர் இருக்க வேண்டும். ஐந்தா மூன்றா என்ற கேள்வியில்தான் எல்லாம் புரள்கிறது என்று பார்த்தோம். எடைகளை மூன்று விதமாக அசைத்துப் பார்த்து, தாங்கும் வரிசையை மட்டும் நம்ப வேண்டும். படிகளும் கட்டணங்களும் ஊதியத்தோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும். மிக உயர்ந்த ஊதியம் மிகக் குறைந்ததைப் போல் எத்தனை மடங்கு என்ற எண், ஆண்டறிக்கையில் நிதிநிலைக்குப் பக்கத்தில் அச்சாக வேண்டும். மதிப்பூதியம் என்ற சொல் ஊதியப் பட்டியலிலிருந்து நீங்க வேண்டும்.

இவை நிறைவேறினவா என்று அறிய வெளித் தணிக்கையாளர் தேவையில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, மனு பெற்ற நீதித்துறை நடுவர் முதல் விசாரணையைப் பொதுவாக மூன்று நாளுக்குள் வைத்து அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். வாய்தா நீளும்போது அந்த ஒவ்வொரு நாளும் பூரணாங்குப்பத்திலிருந்து ஒரு பெண்ணோடு இன்னொரு பெண் பேருந்து ஏறுகிறார். கூட ஏறுகிறவரின் பணி விவரத் தாளில் அந்த நாட்கள் வேலை என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். எழுதப்பட்டிருந்தால் மதிப்பீடு தொடங்கிவிட்டது. இல்லையென்றால் மற்ற புள்ளிகள் எவற்றையும் கூட்ட வேண்டியதில்லை.